பின் அறைக்கு வந்த உத்தரவு

இரண்டு வருடங்களுக்கு முன், வைகாசி மழை பிடித்துக்கொண்ட நேரம் நடந்தது இது. ஹட்டனிலிருந்து நோர்வூட் போகிற பாதையில் ஒரு சின்னக் கடைத்தெருவில் எங்கள் சாப்பாட்டுக்கடை இருக்கிறது. காலையில் ரொட்டியும் சம்பலும், சாயந்தரம் வடை, நாள் முழுக்க பிளேன்டீ. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்தான் எங்கள் வாடிக்கைக்காரர்கள்.

இந்தப் பக்கத்துக் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாதையிலிருந்து பார்த்தால் சாதாரணக் கடை. பின்னால் இறங்கி ஆற்றோரமாக நின்று அண்ணாந்து பார்த்தால்தான் விஷயம் விளங்கும். பள்ளத்தில் கால் ஊன்றிய சீமெந்துத் தூண்களின் மேல் எல்லோருடைய குசினியும் படுக்கையறையும் அந்தரத்தில் நிற்கும். எங்களுடையதும் அப்படித்தான். என் கணவர் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறார். லீவில் வந்த நாட்களில் ஒரு மேசனைக் கூட்டிக்கொண்டு, தூண் எழுப்பி, பலகையும் கல்லுமாக அந்தப் பின் அறையைக் கட்டினார். ஒரு பக்கம் கடைக்கான அடுப்பு, மறுபக்கம் மகளின் கட்டிலும் மேசையும்.

அனுமதி எடுக்கவில்லை. எடுக்க நினைத்தாலும் யாரிடம் எடுப்பது? கடையின் முன்பக்கம் பிரதேச சபைக்குள் வருகிறது, பின்பக்கம் தேயிலைத் தோட்டத்துக் காணி என்றார்கள். தோட்டத்து ஆபீசில் கேட்டால் சபையில் கேள் என்றார்கள். சபையில் கேட்டால் தோட்டத்துக் கடிதம் கொண்டு வா என்றார்கள். கடைசியில் தெருவில் எல்லோரும் செய்ததையே நாங்களும் செய்தோம்.

நான் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். ஒரே காம்பராவில் அண்ணன், அக்கா, தாத்தா, அடுப்புப் புகை எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து உயர்தரம் வரை படித்தேன். கொஞ்சக் காலம் முன்பள்ளி ஆசிரியையாகவும் இருந்தேன். என் ஒரே மகளுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஓர் அறை கிடைத்தபோது, நான் வாழ்க்கையில் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். அந்த வருடம் அவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது.

ஒரு சனிக்கிழமை, பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் எங்கள் தெருவுக்கு வந்தார். டி.ஓ. மாத்தயா என்று மரியாதையாகச் சொல்வோம். கையில் அளக்கிற டேப், பின்னால் குடை பிடிக்க ஓர் ஆள். முதலில் பக்கத்து ஹார்ட்வேர் கடைக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு வெளியே வந்து, வேறெங்கும் பார்க்காமல் நேராக எங்கள் கடையைப் பார்த்து நடந்தார்.

அந்தப் பக்கத்துக் கடை அண்ணனுக்கு எங்கள் பின் அறை மேல் ஒரு கண் உண்டு. சீமெந்து மூட்டை அடுக்க இடம் போதவில்லை, வாடகைக்குக் கொடுப்பீர்களா என்று முன்பே கேட்டவர். நான் முடியாது என்றதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவது குறைந்திருந்தது. ஆக, பெட்டிசம் போட்டிருக்கிறார்! எங்கள் ஊரில் ஒருவரைப் பிடிக்கவில்லையென்றால், பெயர் போடாமல் சபைக்கு ஒரு புகார் எழுதிப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பெயர்தான் பெட்டிசம்.

அவர் படியேறுவதற்குள் நான் ஒரு வேலை செய்தேன். பின் அறைச் சுவரில், மகளின் கட்டிலுக்கு மேலே, ஒரு வெடிப்பு இருந்தது. கணவர் வந்தால் பூசச் சொல்லலாம் என்று விட்டிருந்தேன். கடையில் மாட்டியிருந்த பிள்ளையார் கலண்டரைக் கழற்றிக்கொண்டு ஓடி, அந்த வெடிப்பின் மேல் மாட்டினேன். கட்டிலில் படித்துக்கொண்டிருந்த மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"என்னம்மா செய்றீங்க?"

"பேசாம இரு. சபையிலருந்து வாறாங்க."

டி.ஓ. தமிழில் வணக்கம் சொன்னார். அவருடைய தமிழ் அதோடு முடிந்தது. என் சிங்களமோ கடைச் சிங்களம். என்ன விலை, எத்தனை ரொட்டி, மிச்சக் காசு இந்தாங்க, அவ்வளவுதான். ஆபீஸ் சிங்களம் என் காதில் மழை மாதிரி விழும், ஒன்றும் பிரித்துக் கேட்காது. மகள் அப்படியில்லை. பள்ளிக்கூடத்திலும் கூட்டாளிகளிடமும் பழகி நன்றாகப் பேசுவாள். ஆஸ்பத்திரி, பேங்க், மின்சார ஆபீஸ், எங்கே போனாலும் அவள்தான் என் வாயும் காதும். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி வீடுகளில் பிள்ளைகள்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள்.

அவர் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். யன்னலால் எட்டித் தூண்களைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்து நிதானமாக, சிரித்த முகத்தோடு பேசினார். இடையில் 'ஹெமின்' என்ற சொல் மட்டும் என் காதில் பட்டது. மெதுவாக என்று அர்த்தம். அது கடையிலும் புழங்குகிற சொல்.

"என்னடி சொல்றாரு?"

மகள் கொஞ்சம் தயங்கினாள். "அனுமதி இல்லாத கட்டடமாம்மா. பின் ரூமை ஒடனே காலி பண்ணணுமாம். யாரும் படுக்கக் கூடாதாம், அடுப்பும் மூட்டக் கூடாதாம். இல்லாட்டி கடைக்கே சீல் வச்சிருவாங்களாம்."

"இதச் சொல்லவா இவ்வளவு நேரம் சிரிச்சிக்கிட்டு நின்னாரு?"

"அவரு மூஞ்சியே அப்படித்தாம்மா."

போகும்போது சிங்களத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். மகள் வாசித்து, அதிலும் அதையேதான் எழுதியிருக்கிறது என்றாள். வேறு யாரிடம் காட்டி விசாரிப்பது? தெருவில் நன்றாகச் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர் அந்த ஹார்ட்வேர்க்காரர்தான். அவரிடம் கொண்டு போவேனா?

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போது அவரே வாயைக் கொடுத்தார்.

"என்ன தங்கச்சி, வீட்டுக்கு விருந்தாளியெல்லாம் வந்தாப்புல?"

"ஒங்க வீட்டுல முடிச்சிட்டுத்தானேண்ணே இங்க வந்தாரு. விருந்து பலமோ?"

அவர் முகம் சுருங்கியது. பூட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். குற்றமுள்ளவனால் முகத்தைப் பார்த்துப் பேச முடியுமா என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

கணவரிடம் போனில் சொன்னேன். "மொதல்ல பெட்டிசம் போட்டது யாருன்னு கண்டுபிடி. அப்புறம் சபை மெம்பரப் போய்ப் பாரு" என்றார். மெம்பர் வீட்டுக்குப் போனேன். அவர் ஆறுதலாகப் பேசினார், டீ கொடுத்தார், பார்க்கலாம் என்றார். வெளியே வரும்போது அவருடைய மச்சான் தெருவில் ஒரு கடை தேடிக்கொண்டிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து மெம்பரும் என் சந்தேகத்துக்குள் வந்துவிட்டார். பஸ்ஸில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று யோசித்தேன். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்தேன்.

மகள் மேல் எனக்குச் சந்தேகமே இல்லாமலில்லை. ஆனால் அது வேறு சந்தேகம். நான் வாங்கி வைக்கிற ஸ்டிக்கர் பொட்டுப் பாக்கெட் மளமளவென்று தீர்ந்துகொண்டிருந்தது. நெற்றியில் வைப்பது ஒன்று, மற்றதெல்லாம் எங்கே போகிறது? கண்ணாடி முன் நின்று மாற்றி மாற்றி வைத்து அழகு பார்க்கிறாளோ, டியூஷனுக்குப் போகிற வழியில் யாராவது இருக்கிறானோ என்று அவளுடைய போனை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். கணக்குப் பாடப் படங்கள்தான் இருந்தன.

அடுத்த கிழமை டி.ஓ. மறுபடியும் வந்தார். நான் தயாராக இருந்தேன். இவர்கள் இத்தனை தூரம் நடப்பது எதற்கென்று எனக்குத் தெரியாதா? மகள் காதில் மெதுவாகச் சொன்னேன். "ஐயாவுக்கு எவ்வளவு வேணுமாம்னு பக்குவமாக் கேளு."

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். அவர் முகம் மலர்ந்தது. தாராளமாகத் தலையாட்டினார். அவர் சொன்னதில் 'சீனி' என்ற சொல் எனக்கே விளங்கியது.

"என்னடி, சீனிங்கிறாரு?"

"எடுத்த எடுப்புல காசு எப்படிம்மா கேக்கிறது? டீ குடிக்கிறீங்களான்னு ஆரம்பிச்சேன். சீனி வேணாமாம்."

டீ கொடுத்தேன். வடையும் வைத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை மகள் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "கேட்டுப் பாத்தேன்மா. காசெல்லாம் வேணாமாம். வேலை போயிரும்னு பயப்படுறாரு. ரூமைக் காலி பண்ணினாப் போதுமாம்" என்றாள். போகும்போது அவர் டீக்கும் வடைக்கும் காசை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு அது இன்னும் பயத்தைக் கொடுத்தது. காசு வாங்குகிற அதிகாரியிடம் பேசிக்கொள்ளலாம். வாங்காதவர் என்றால், வேறு யாரிடமோ பெரிதாக வாங்கிவிட்டார் என்றுதானே அர்த்தம்?

நான் அசையவில்லை. அறையைக் காலி செய்தால் அவர்கள் ஜெயித்த மாதிரி. ஆனால் ஒரு நாள் விடியற்காலை நான் மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது, மகள் தன் கட்டிலைத் தானே இழுத்துக்கொண்டு வந்து கடைக்கு நடுவில், இரண்டு மேசைகளுக்கிடையில் போட்டாள். புத்தகங்களைக் கொண்டு வந்து டீ கிளாஸ் அலுமாரியில் அடுக்கினாள்.

"என்னடி கூத்து இது?"

"கடைக்கு சீல் வச்சா நம்ம எங்கம்மா போவோம்? அப்பா அனுப்புறது வீட்டுச் செலவுக்கே பத்தாது. அடுப்பையும் முன்னுக்குக் கொண்டாங்க. தயவுசெஞ்சி."

அவள் கண் கலங்கியிருந்தது. பிள்ளை பரீட்சை நேரத்தில் இந்தக் கவலையில் இருக்கிறாளே என்று மனம் இளகிவிட்டது. கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று சொல்லி, இரும்பு அடுப்பைத் தூக்கி முன்பக்கத்து மூலையில் வைத்தேன். கேஸ் விலைக்குப் பயந்து விறகுதான் எரிப்பேன். ஒரு மணி நேரத்தில் கடை முழுக்கப் புகை.

"அக்கா, ரொட்டியச் சுடுறீங்களா, எங்களச் சுடுறீங்களா?" என்று ஒரு பஸ் டிரைவர் இருமிக்கொண்டே எழுந்து போனார். இரண்டு மேசையில் ஒன்றைத் தூக்க வேண்டியிருந்தது. சாயந்தரம் வடைக்குக் கூடுகிற கூட்டம் எதிர்க் கடைக்குப் போகத் தொடங்கியது. நானும் மகளும் அந்தக் கட்டிலிலேயே ஒடுங்கிப் படுத்தோம். எந்த வாழ்க்கையிலிருந்து இவளைத் தூக்கி வெளியே விட்டேனோ, அதே காம்பராவுக்குள் சபை எங்களைத் திரும்பவும் தள்ளிவிட்டது என்று எனக்குள் கொதித்தது.

கடைசியில், சபையில் மக்களைச் சந்திக்கிற நாளன்று, நோட்டீஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மகளிடம் சொல்லவில்லை. முன்பே ஒருதரம் பேச்செடுத்தபோது, "போகாதீங்கம்மா, கோவப்பட்டு வேற ஏதாச்சும் செஞ்சிருவாங்க" என்று தடுத்திருந்தாள். அவள் பள்ளிக்கூடம் போன பிறகு பஸ் ஏறினேன்.

சபை வாசலில் ஒரு நீள வாங்கு. அதன் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் ஏறியது. பக்கத்துக் கடை அண்ணன். நான் மறு கோடியில் உட்கார்ந்தேன். அவர் மடியில் என்னுடையதைப் போலவே ஒரு நோட்டீஸ் இருந்தது. என்னைக் கண்டதும் அதை மடித்து வைத்தார். நானும் என்னுடையதைப் பைக்குள் தள்ளினேன்.

"ஒங்களுக்குமா?" என்றேன், பொறுக்க மாட்டாமல்.

"ஆமா. ஏன், ஒங்களுக்கும் வந்துச்சா?" அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "அப்ப பெட்டிசம் போட்டது நீங்க இல்லையா?"

"நானா? நான் ஒங்களையில்ல நெனச்சிக்கிட்டு இருக்கேன்!"

உள்ளே இருந்த உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. ஒரு வார்த்தை தமிழில் கேட்டதுமே எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. அவர் சொன்னதைக் கேட்டு இறங்கிய பாரம் திரும்ப ஏறியது. பெட்டிசம் என்று எதுவுமே வரவில்லை. முந்தின வருடம் மேல் பாதையில் மண் சரிந்ததால், எங்கள் தெருவில் எல்லாக் கட்டடங்களையும் அளந்து நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு வருகிறார்கள். எல்லோருக்கும் வந்திருக்கிறது. ஒருவர்கூட மற்றவரிடம் வாய் திறக்கவில்லை.

"நாங்க ஒடனே காலி பண்ணிட்டோம். இன்னும் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

அவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். "ஏன் காலி செய்தனீங்கள்? ஆர் சொன்னது?"

"டி.ஓ. மாத்தயாதான். படுக்கக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது, இல்லாட்டி சீல்னு..."

"அப்பிடி ஒண்டும் இல்லையே அம்மா. வரைபடம் கீறி, மண்சரிவு அறிக்கையும் எடுத்துக் கொண்டுவரச் சொல்லி மூண்டு மாதம் தவணை தந்திருக்கு. ஆறுதலாச் செய்யுங்கோ எண்டுதான் அவர் எல்லாருக்கும் சொன்னவர். புதுசா ஒண்டும் கட்ட வேண்டாம், அவ்வளவுதான். உங்களைப் பற்றி, நல்லா ஒத்துழைக்கிறா, மரியாதையான ஆள் எண்டு வேற எழுதியிருக்கிறார்."

பக்கத்துக் கடை அண்ணனும் தனக்கு அப்படித்தான் சொன்னார் என்றார். திரும்பி வரும்போது இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். அவர் ஆராய்ச்சி செய்துகொண்டே வந்தார். "எழுத்துல ஒண்ணு, வாயால ஒண்ணா? தனியா ஒரு பொம்பள இருக்கிற எடம்னு வெளையாடிப் பாத்திருக்கான் தங்கச்சி. ஒங்க எடத்துல யாருக்கோ கண்ணு இருக்கு." முதல்நாள் வரை அந்தக் கண் அவருடையது என்று நினைத்தவள், அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். நோட்டீஸ் ஆபீஸ் சிங்களம் என்பதால் மகளும் அதைப் பிழையாக வாசித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். சிரித்துச் சிரித்துப் பேசியது, ஹெமின் என்றது, காசு வாங்காமல் போனது, எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் சரியாக வந்தது. எங்களைப் புகைக்குள் தள்ளிவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறான் பாவி!

கடைக்கு வந்ததும் முதல் வேலையாக அடுப்பைப் பின் அறைக்குக் கொண்டு போனேன். அண்ணனும் ஒரு கை கொடுத்துவிட்டுப் போனார். கதவு நிலையில் இறுகிக் கிடந்தது, தோளால் இடித்துத் திறந்தோம். மழை நன்றாகப் பிடித்திருந்தது. நான் விறகை அடுக்கி, எண்ணெய்ச் சட்டியை வைத்து, வடையைத் தட்டிப் போடத் தொடங்கினேன். சொந்த இடத்தில் நின்று அடுப்பு மூட்டுவதில் எவ்வளவு தெம்பு! முன்னால் இரண்டு பேர் வடைக்குக் காத்திருந்தார்கள்.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். பின் அறை வாசலில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரும்மா அடுப்ப உள்ள வச்சது?"

"நாந்தான். சபைக்குப் போயிட்டு வந்தேன். காலி பண்ணவே தேவையில்லையாம். அந்த மாத்தயா நம்மகிட்டப் பொய் சொல்லியிருக்கான்டி."

அவள் முகம் வெளுத்துப் போனது. "வெளிய வாங்கம்மா."

"எதுக்கு?"

"அவரு பொய் சொல்லல. அவரு அப்படி சொல்லவே இல்ல. நாந்தான் சொன்னேன். மொதல்ல வெளிய வாங்க."

கரண்டியோடு அப்படியே நின்றேன். நான் நகராததைப் பார்த்து, குடையைப் போட்டுவிட்டு அவளே உள்ளே வந்தாள். சுவரில் இருந்த பிள்ளையார் கலண்டரைக் கழற்றினாள்.

வெடிப்பின் மேல், மேலிருந்து கீழாக, வரிசையாகப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. என்னுடைய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டுகள். ஒவ்வொன்றும் பாதி வெடிப்புக்கு அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமுமாக. கீழே இருந்தவை ஒழுங்காக ஒட்டிக்கொண்டிருந்தன. மேலே போகப் போக, ஒவ்வொரு பொட்டும் ஒரு பக்கம் பிடி விட்டு, மறுபக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பிடி விட்ட பொட்டுகளுக்குப் பக்கத்தில் புதுப் பொட்டுகள். அவற்றிலும் சில பிடி விட்டிருந்தன.

"மண்சரிவப் பத்திச் சொல்ல ஸ்கூலுக்கு வந்தாங்கம்மா. வெடிப்பு மேல ஏதாச்சும் ஒட்டி வச்சி, அது விடுதான்னு பாக்கச் சொன்னாங்க. கதவு இறுகினா கவனமா இருக்கச் சொன்னாங்க. நீங்க கலண்டர் மாட்டின பொறகு அதுக்கு அடியில ஒட்டிப் பாத்தேன்." அழாமல் பேச அவள் பட்ட பாடு எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. "ஒங்ககிட்ட எத்தன தடவ சொன்னேன்? கதவு இறுகுதுன்னேன். மழைக்கு மரம் ஊதியிருக்குன்னீங்க. இங்க படுக்கப் பயமா இருக்குன்னேன். பரீட்ச வந்தா எல்லாப் பிள்ளைக்கும் பயந்தான்னீங்க. மாத்தயா சொன்னா மட்டுந்தானே கேப்பீங்க."

"அப்ப அந்த மாத்தயாகிட்டயே இதக் காட்டியிருக்கலாமேடி?"

"காட்டினா மொத்தக் கடையையும் மூடிட்டா? நீங்களே ஓடி வந்து கலண்டர மாட்டினீங்க. அப்புறம் நான் எப்படிக் காட்டுவேன்? அதான் நானே பாதி உத்தரவு போட்டேன்."

கரண்டி பிடித்த கை தானாக மேலே எழும்பியது. என்னையே ஏமாற்றியிருக்கிறாளே! பெற்ற தாயிடம், அதிகாரி சொன்னதாக, கண்ணைப் பார்த்துப் பொய்! அந்த நேரம் முன்னாலிருந்து ஒரு குரல், "அக்கா, வடை கருகுது போல!" என்றது. திரும்பிப் பார்த்தேன். சட்டி புகைந்துகொண்டிருந்தது. எரிகிற அடுப்பு, கொதிக்கிற எண்ணெய், தோளால் இடித்துத் திறந்த கதவு, அதற்கு நடுவில் உள்ளே வரப் பயந்தும் எனக்காக உள்ளே வந்து நிற்கிற என் பிள்ளை. கை தானாகக் கீழே இறங்கியது.

சட்டியை இறக்கி முன்னால் கொண்டு போனேன். கேத்தல் தண்ணீரை அடுப்பில் ஊற்றி அணைத்தேன். வடைக்குக் காத்திருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, அடுப்பைத் தூக்கி வெளியே வைக்கச் சொன்னேன். "இப்பத்தானே உள்ள போச்சு, அதுக்குள்ள வெளியவா? ஒரு முடிவுக்கு வாங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே தூக்கினார்கள்.

அவர்கள் போன பிறகு கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். திடீரென்று எனக்கு ஒன்று நினைவு வந்தது.

"அப்ப அன்னைக்கு எவ்வளவு வேணும்னு கேக்கச் சொன்னேனே, என்ன கேட்ட?"

"டீ குடிக்கிறீங்களான்னு மட்டுந்தான் கேட்டேன். காசு வேணுமான்னு கேக்கச் சொன்னீங்கன்னு தெரிஞ்சா ஒங்கள என்ன நெனப்பாரு?"

சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடிந்தது. மரியாதையான ஆள் என்று என்னைப் பற்றிக் கோப்பில் எழுதியிருக்கிறார்களே, அந்த மரியாதையும் இவள் போட்டுக்கொடுத்ததுதான்.

அந்தக் கிழமை முடிவதற்குள் அது நடந்தது. காலைக் கூட்டம் குறைந்து, நான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். மூட்டையை உயரத்திலிருந்து போட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு பலகைகள் முனகுகிற சத்தம். பின் கதவைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. பக்கத்துக் கடை வழியாக ஓடிப் பின்னால் போய்ப் பார்த்தேன். மூலைத் தூண் மண்ணோடு கீழே இறங்கியிருந்தது. எங்கள் அறை முழுதாக விழவில்லை. வளைவில் திரும்புகிற பஸ் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. முன்பு கட்டிலும் அடுப்பும் இருந்த தரை பிளந்து, பலகைகள் ஆற்றுப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தத் தரை இருந்த இடத்தில் வெறும் ஆகாயம். நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கடை அண்ணன் தன் பின் அறையிலிருந்த மூட்டைகளைக் கூலியாட்களை வைத்து அன்றைக்கே முன்னால் இறக்கினார். ஆனால் அடுத்த மாதமே, அந்த இடத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று என்னிடம் கேட்கவும் அவர் மறக்கவில்லை.

சபையிலிருந்து டி.ஓ. ஓடி வந்தார். இந்தத் தடவை முகத்தில் சிரிப்பு இல்லை. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்திருந்தேன். அவர் அந்தச் சாய்ந்த அறையைப் பார்த்துக்கொண்டே நின்று, என்னைக் காட்டி அவளிடம் ஏதோ கேட்டார்.

"மூணு மாசம் டைம் இருக்கும்போது, மொதல்லயே காலி பண்ணணும்னு அம்மாவுக்கு எப்படித் தோணுச்சுன்னு கேக்கிறாரு" என்றாள் மகள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"என் மக சொன்னா, நான் கேட்டேன்னு சொல்லு" என்றேன்.

அவள் அவரிடம் திரும்பிப் பேசினாள். நான் சொன்னதைவிட நீளமாகவே பேசினாள். அவர் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "ஹரி, ஹரி" என்று இரண்டு தரம் தலையாட்டினார். நல்லது என்று அர்த்தம். அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த அறையைப் பிறகு சபை முறைப்படி இடிக்கச் சொன்னது. தகரத்தையும் பலகையையும் நாங்களே கழற்றினோம். இப்போது முன்பக்கம் மட்டும்தான் கடை. முன்பக்கத்தில் அடுப்பு வைத்ததற்கு இன்னொரு நோட்டீஸ் வந்திருக்கிறது, அதற்கும் அலைந்துகொண்டிருக்கிறோம். மகள் பரீட்சை எழுதித் தேறி உயர்தரம் படிக்கிறாள். பாதைக்கு அந்தப் பக்கம், பாறையோரமாக, ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மழை பலத்தால் நான் எழுந்து சுவரைத் தடவிப் பார்க்காமல் படுப்பதில்லை.

பக்கத்துக் கடைக்காரரை, மெம்பரை, அதிகாரியை, பஸ்ஸில் சிரித்தவர்களை, எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், ஒரு வார்த்தை விசாரிக்காமல் நம்பியது மகளின் வாயைத்தான். என்னிடம் பொய் சொன்னவளும் அவள் ஒருத்திதான். அந்தப் பொய் இல்லாவிட்டால் நாங்கள் எங்கே கிடந்திருப்போம் என்று நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. அதைவிட, தன் பயத்துக்கு ஓர் அதிகாரியின் வாயைக் கடன் வாங்கினால்தான் அம்மா கேட்பாள் என்று அந்தப் பிள்ளை முடிவு செய்த நாளை நினைத்தால் அதிகம் நடுங்குகிறது. இப்போதும் ஆபீஸ்களில் அவள்தான் எனக்கு மொழிபெயர்க்கிறாள், ஆனால் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்பதற்கு முன்னால், "ஒனக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டுவிடுகிறேன்.